குழாயில் இறங்கிய தித்திப்பு

அப்பா,

காலையில் தாளிக்கக் கடுகு டப்பாவைத் திறந்தேன். வனிலா வாசனை வந்தது. உங்கள் சத்து மாவு வந்த டப்பா அது. அம்மா புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பல மாதங்களாகக் கடுகுதான் போட்டு வைத்திருக்கிறாள். அவளிடம் நீட்டினேன். "ஒரு வாசனயும் இல்லியே" என்றாள்.

இரைப்பையில் கட்டி என்று தெரிந்த வாரம், வழக்கம்போல நிறையப் படித்தேன். சோறு புற்றுக்குத் தீனி, பட்டினி போட்டால் கட்டி சுருங்கும் என்று எங்கோ எழுதியிருந்ததை நம்பினேன். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. அம்மா அக்காவின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போயிருந்தாள்; அவளிடம் வயிற்றுப்புண் என்று மட்டும் சொல்லியிருந்தோம். நம் வயல் அரிசியை உங்கள் தட்டிலிருந்து எடுத்தேன். பால், முட்டை எல்லாம் நிறுத்தினேன். நீங்கள் கேட்டது ஒரே ஒரு தடவை.

"பாப்பா, ஒரு கை பழையது கெடைக்குமா?"

வெள்ளரிக்காய்ச் சாறு கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எடை பார்த்த டயட்டீஷியனின் முகம் மாறியது. "ஒரு மாசத்துல ஏழு கிலோ போயிருக்கு. இந்த உடம்புல தையல் சேராது. யாரு இப்படிப் பட்டினி போட்டது?"

நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள். "நான்தாங்க. புள்ள தட்ட வச்சுக்கிட்டுக் கெஞ்சும். ருசிக்கலன்னு தள்ளிவிட்டுடுவேன்."

வெளியே வந்ததும் என் தலையில் தட்டினீர்கள். "களைய ஒழிக்கிறேன்னு தண்ணிய அடச்சா, மொதல்ல காயறது பயிருதாண்டி."

ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. ஊர் திரும்பிய அம்மாவிடமும், பார்க்க வந்தவர்களிடமும் நீங்கள் அதே பொய்யைத்தான் சொன்னீர்கள். மூக்கு வழியாகக் குடல்வரை ஒரு மெல்லிய குழாய். சத்து மாவைக் கரைத்துப் பையில் ஊற்றுவேன், சொட்டுச் சொட்டாக இறங்கும். அது இறங்கும்போதெல்லாம் நீங்கள் மென்றீர்கள். வாயில் ஒன்றுமில்லை. கண்கள் மூடியிருக்கும், தாடை மட்டும் நிதானமாக அசையும்.

"அய்யா, என்ன மெல்றீங்க?" என்றாள் நர்ஸ்.

"வெத்தல. வேணுமா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்றாம் நாள், "இன்னிக்குத் தித்திப்பு தூக்கல்" என்றீர்கள், நாக்கைத் தொடாத ஒன்றைப் பற்றி. அன்று தவறுதலாக ஒரு கரண்டி மாவு கூடப் போட்டிருந்தேன்.

எடை ஏறியது. ஆபரேஷன் நடந்தது, தையலும் சேர்ந்தது. அடுத்த குறுவை அறுப்பைப் பார்த்தீர்கள். பிறகு கட்டி ஈரலில் வந்தது. முதலிலேயே ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார்.

நீங்கள் போன பிறகும், பகல் பதினொரு மணிக்கு, பை மாற்றும் அந்த நேரத்தில், படித்துக்கொண்டிருக்கும் என் வாயில் தித்திப்பு ஊறுகிறது. தாடை தானாக அசைகிறது. கையால் பிடித்தாலும் நிற்பதில்லை. நீங்கள் மென்று முடிக்கும்வரை காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று உங்கள் முதல் திதி. இலையில் படைத்துக்கொண்டே அம்மா சொன்னாள், "பிடிவாதமா வயித்தக் காயப்போட்டாரு. இன்னிக்காவது சாப்புடட்டும்."

சொல்லிவிட்டேன். "அவரு வேண்டாங்கலம்மா. நான்தான் போடல."

அம்மா கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவரு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிட்டாரு. அத நீ மாத்தாத" என்று சொல்லி, இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சாப்பிட வந்த சித்தப்பாவும் உங்கள் பிடிவாதத்தைப் பற்றித்தான் பேசினார். நான் தலையாட்டினேன். ஊருக்கு நீங்கள் சோற்றைத் தள்ளிவிட்டவராகவே இருங்கள், அப்பா. உங்கள் பசி என்னிடம் இருக்கிறது.