ரெண்டு கோல் அடித்தால் பக்கம் மாறவேண்டும்

என் ஜெசிக்கு,

இன்று காலையில் எழும்பியதும் முதல் வேலையாக உன்னுடைய பந்துக்குக் காற்றடித்தேன். தேத்தண்ணிக்குக்கூட இன்னும் அடுப்பு மூட்டவில்லை. பல்கனியில் குந்தியிருந்து, நீ செய்கிற மாதிரியே பம்பின் ஊசியில் எச்சில் தொட்டு, மெல்ல உள்ளே விட்டேன். முன்பெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளித்தவள் நான்தான். இப்போது எனக்கும் அது கை வந்துவிட்டது.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் பிள்ளைகள் கடற்கரைக்கு வருவார்கள். பந்தைக் கொண்டுபோக என் மகள் மீனு இருப்பாள். ஆனால் அடுத்த சனிக்கிழமைக்கும் அவள் இருப்பாளா என்பதை இன்று இரவுக்குள் நான் சொல்லியாக வேண்டும். அதைத்தான் உன்னோடு கதைக்க வந்தேன்.

நீ இருந்திருந்தால் மேல்மாடிக்கு ஏறி வந்து கதவைத் தட்டியிருப்பேன். "உள்ளுக்கு வா மச்சாள், செருப்பைக் கழட்டாத, வீடு கூட்டேல்லை" என்றிருப்பாய். எனக்கும் உனக்கும் ஒரு சொந்தமும் இல்லை. நீ கொட்டாஞ்சேனையில் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கிவிட்ட குடும்பம். "எனக்கு நாலு அண்ணன்மார். ஒருத்தனாவது கட்டாமல் இருந்திருந்தா உன்னைத்தான் கேட்டிருப்பன். அதால நீ எனக்கு மச்சாள்" என்று, என் கணவர் குகனை வைத்துக்கொண்டே சொன்னாய். குகன் சிரித்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

அந்த நாலு அண்ணன்மாரோடு வீட்டுக்கு முன் இருந்த ஒழுங்கைக்குள் பந்தடித்து வளர்ந்தவள் நீ. எங்கள் தொடர்மாடிக்கு வந்த புதிதில், படியில் சும்மா குந்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "இதுகளுக்குக் கால் இருக்கா, இல்லாட்டி லிஃப்ட் மட்டும்தானா?" என்று கேட்டாய். அடுத்த சனிக்கிழமையே அதுகளை மெரைன் டிரைவ் வீதியைத் தாண்டி, தண்டவாளத்தையும் தாண்டி, கடற்கரைக்கு இறக்கிவிட்டாய்.

வெள்ளவத்தையில் சனிக்கிழமை என்றால் ரியூஷன் வகுப்பு. அது உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு வீடாகப் போய்த் தாய்மாரோடு நீ பேரம் பேசியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "அக்கா, இரத்தோட்டம் இல்லாட்டிக் கணக்கு மூளைக்குள்ள ஏறாது" என்றாய். பாங்கில் வேலை செய்கிறவள் சொன்னால் கணக்கு விஷயத்தில் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

உன் சட்டங்கள் ஒரு புத்தகத்திலும் இல்லாதவை. செருப்புகள்தான் கோல் கம்பம். பந்து தண்டவாளப் பக்கம் போனால் நீ மட்டும்தான் எடுக்கப் போவாய். ரயில் வந்தால் விசில் அடிப்பாய், எல்லாரும் மணலில் இருந்து கைகாட்டவேண்டும். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறவர்களும் திருப்பிக் காட்டுவார்கள். காற்றுக் காலத்தில் கடல் ஏறி மைதானம் பாதியாகும்போது, "இடம் இல்லாட்டிப் பாஸ் பண்ணப் பழகுங்கோ" என்பாய்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. ரெண்டு கோல் அடித்தவர் பக்கம் மாறவேண்டும். அடித்த கையோடு எதிர்ப்பக்கம் போய், அங்கே இருந்து ஒருவரை இங்கே அனுப்பவேண்டும். யாரும் கேட்கவும் தேவையில்லை, சொல்லவும் தேவையில்லை. மீனு ஆறு வயதில் இருந்து அப்படியே வளர்ந்தவள்.

அதனால்தான் இந்தக் கூத்து நடந்தது. கேள்.

சென்ற மாதம் குகன் எங்கோ கேள்விப்பட்டு வந்தார். பெண் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்து அகடமி, பன்னிரண்டு வயதுக்காரருக்குத் தேர்வு வைக்கிறார்களாம். நான் அரைமனதோடு போனேன். முழுப் புல்தரை, வெள்ளைக் கோடு, வலை கட்டிய கோல் கம்பம். உன் பிள்ளைகள் பார்த்தால் கோயிலுக்குள் வந்த மாதிரிச் செருப்பைக் கழற்றியிருப்பார்கள். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, கையில்லாத சட்டை குடுத்தார்கள். மீனுவின் பக்கத்துக்குச் செம்மஞ்சள், மற்றப் பக்கத்துக்குப் பச்சை.

மீனு முதல் கோலை அடித்தாள். குகன் எழும்பி நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் போனது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் மகள் என்ன செய்தாள் தெரியுமா? செம்மஞ்சள் சட்டையைத் தலைவழியாகக் கழற்றிக்கொண்டு, நேரே பச்சைப் பக்கம் நடந்துபோய், அங்கே நின்ற ஒரு பிள்ளையிடம் கையை நீட்டினாள், உன் சட்டையைத் தா என்று.

பயிற்சியாளர் விசில் அடித்தார். வயதான சிங்கள மனிதர். "துவ, எங்க போறீர்?" என்று சிங்களத்தில் மகளே என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"ரெண்டு கோல் அடிச்சிட்டன் சேர்" என்றாள் மீனு, அதுவே போதுமான விளக்கம் என்ற மாதிரி.

மைதானமே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த தாய் ஒருத்தி, "உங்கட மகளுக்கு எந்தப் பக்கம் எண்டே தெரியாதோ?" என்று கேட்டார். குகன் நெற்றியில் கை வைத்தார். மீனுவின் காது சிவந்தது நான் இருந்த இடத்துக்கே தெரிந்தது. சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினாள். அழவில்லை. அதற்குப் பிறகும் நன்றாகவே விளையாடினாள்.

முடிந்ததும் அந்தச் சேர் எங்களிடம் வந்தார். எந்தக் கழகத்தில் விளையாடுகிறாள் என்று கேட்டார். கழகம் இல்லை, கடற்கரை என்றேன். யார் பழக்கியது என்றார்.

"மேல் வீட்டு அன்ரி" என்றாள் மீனு.

"அவங்க நேஷனல் பிளேயரா?"

"பாங்க்ல வேலை செய்தவ" என்றேன். செய்தவ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. "தோற்கிற பக்கத்துக்குத் தானாக நடந்து போற பிள்ளையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. அந்த மிஸ்ஸை ஒருக்காச் சந்திக்கவேணும்" என்றார்.

சந்திக்க ஏலாது என்று குகன்தான் சொன்னார்.

மீனுவை எடுத்துவிட்டார்கள், ஜெசி. ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பயிற்சி. மாட்ச் என்று ஒரு கிழமை நீர்கொழும்பு, இன்னொரு கிழமை கண்டி, பிறகு யாழ்ப்பாணம் என்று பஸ்ஸில் கொண்டுபோவார்களாம். மணலில் விளையாடினால் கணுக்கால் பிசகும், அதனால் கடற்கரை விளையாட்டைக் கட்டாயம் விட்டுவிடவேண்டுமாம். அங்கேயும் இங்கேயும் என்ற கதைக்கே இடமில்லை.

குகன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அடுத்த நாள் கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து, மீனுவின் காலுக்குப் புதுச் சப்பாத்தும் கையுமாக வந்தார். நான் அதைப் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவைக்க அவருக்கு எரிச்சல் வந்தது.

"வாணி, உமக்கு என்ன பிரச்சினை? இப்பிடி ஒரு சந்தர்ப்பம் எங்கட பிள்ளைகளுக்கு லேசில கிடைக்குமே?"

"அவள் சந்தோஷமா விளையாடுறாள். அது காணாதே?"

"சந்தோஷம் பஸ்ஸில ஏறினா குறைஞ்சிடுமோ?"

உன்னைத்தான் காரணமாகச் சொன்னேன். ஜெசி இதற்கு ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டாள், எல்லாப் பிள்ளையும் விளையாடவேணும் என்று நினைத்தவள் அவள் என்றேன். குகன் எழும்பி உள்ளே போய்விட்டார். உன் பெயரைச் சொன்னால் இந்த வீட்டில் யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை.

அது மட்டுமில்லை. மீனு போனால் கடற்கரை விளையாட்டு நின்றுவிடும். நீ போன பிறகு கொஞ்ச நாள் உன் மனுசன் அன்ரன் அண்ணைதான் பந்தோடு இறங்கினார். நடுவில் நின்று விசிலை வாயில் வைப்பார், ஊதமாட்டார். பிறகு ஒருநாள் பந்தையும் விசிலையும் கொண்டுவந்து, "வாணி, இதுகளைப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் இப்போது வத்தளைக்கு, தங்கச்சி வீட்டோடு போகப்போகிறார். சாப்பாட்டுக்கும் பேச்சுத் துணைக்கும் அது நல்லது, கவலைப்படாதே. அதற்குப் பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சேர்ப்பது, கோல் வைப்பது, ரயிலுக்கு விசில் அடிப்பது எல்லாம் மீனுதான். அவளையும் எடுத்துவிட்டால் அந்த மணலில் என்ன இருக்கும்?

நீ கட்டியதைக் கலைக்கிற கை என்னுடையதாக இருக்கக்கூடாது என்று பயந்தேன். அதுதான் உண்மை.

இன்று காலை நான் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது மீனு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பந்தைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள். அச்சு உன் குரல்.

"அம்மா, நான் போனா ஆர் விசில் அடிக்கிறது?"

"அதை விடு. உனக்குப் போக விருப்பமோ?"

பந்தின் தையலை விரலால் தடவினாள். பிறகு, "அங்க எல்லாரும் என்னைவிட நல்லா விளையாடுதுகள்" என்றாள்.

"அதாலயோ பயம்?"

"இல்லையம்மா. அதாலதான் ஆசை."

பம்பைக் கீழே வைத்துவிட்டேன். நீ ஒருநாள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மீனுவுக்கு எட்டு வயது இருக்கும். ரெண்டு கோல் அடித்து, நீ பக்கம் மாற்றி, அந்தப் பக்கம் தோற்று, அழுதுகொண்டு வந்தாள். எனக்குக் கோபம். "பிள்ளை பாடுபட்டு அடிச்சவள். தோக்கிறவைக்கு உதவி செய்யவேணும் எண்டா வேற ஆரையும் அனுப்பன்" என்றேன். நான் எப்போதும் இருந்து பார்க்கிற கடற்கரை மதிலில் நீயும் ஏறி இருந்து, காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "தோக்கிறவைக்கு உதவி எண்டே நினைச்சுக்கொண்டிருக்கிறாய்? இல்லை மச்சாள். அது அவளுக்குத்தான். வெல்லுற பக்கத்திலயே நிண்டா இந்தப் பிள்ளையின்ர காலும் மூளையும் நித்திரை கொண்டிடும். லேசா வந்த உடன கஷ்டமான பக்கத்துக்குத் தள்ளிவிடவேணும்."

நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன். இவ்வளவு காலமும் உன் சட்டத்தை இரக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குள் அந்தச் சேரைவிடக் கண்டிப்பான ஒருத்தி இருந்திருக்கிறாள். எல்லாப் பிள்ளையும் விளையாடவேண்டும் என்பதும் நீதான், நல்லாய் விளையாடுகிறவளைச் சும்மா விடக்கூடாது என்பதும் நீதான். இரண்டையும் ஒரே விசிலால் எப்படிச் செய்தாய்?

கடைசி மாதங்களில் உனக்கு இறங்கி வர ஏலாமல் போனபோதும் நீ விடவில்லையே. மேல்மாடிப் பல்கனியில் கதிரை போட்டுக்கொண்டு ஃபோன் எடுப்பாய். மதிலில் இருக்கிற என் கையில் உன் குரல் மூச்சு வாங்கும். "மச்சாள், ஆயிஷாவின்ர காலுக்கு இன்னும் ஒருக்காவும் பந்து போகேல்லை. சொல்லு." நான் எழும்பி நின்று கத்துவேன். "இன்னும் பலமா" என்பாய். பந்தைத் தொட்டே பார்க்காத நான், உனக்குப் பதிலாக எத்தனை சனிக்கிழமை கத்தியிருப்பேன்?

மீனு உன் கடற்கரையில் ரெண்டு கோல் அடித்துவிட்டாள், ஜெசி. அவள் பக்கம் மாறவேண்டும். இன்று இரவு அந்தச் சேருக்கு ஃபோன் எடுத்து, ஓம் என்று சொல்லப்போகிறேன்.

ஒரு பக்கத்தில் இருந்து ஒருவர் போனால், மறுபக்கத்தில் இருந்து ஒருவர் வரவேண்டும். அதுவும் உன் சட்டம்தான். அவ்வளவு காலமும் மதிலில் இருந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஆஃப்சைட் என்றால் என்ன என்று தெரியாது. நல்லவேளை, உன் மைதானத்தில் அது இருக்கவும் இல்லை.

இதைக் குகனிடமும் சொல்லவில்லை, மீனுவிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருவரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பின்னேரம் பார்த்துக்கொள்ளட்டும். உன் சிவப்பு விசில் இப்போது இந்த மேசையில், என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ கடித்துக் கடித்துப் பதிந்த பல் அடையாளம் அப்படியே இருக்கிறது. கழுவி வைத்தேன், ஆனால் அது போகாது, போகவும் வேண்டாம். என் பல்லும் அதே இடத்தில் பதியட்டும்.

ரயில் வந்தால் எல்லாரையும் மணலில் இருத்துவேன். தண்டவாளப் பக்கம் பந்து போனால் நான் மட்டும் போவேன். ஆயிஷாவின் காலுக்குப் பந்து போகாமல் ஒரு சனிக்கிழமையும் முடியாது. இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

மதிலில் இருந்து இறங்கிவிட்ட,
உன் மச்சாள்
வாணி