நாற்பது பைசா பெஞ்சு டிக்கெட்

ஆகஸ்ட் 20, புதன்

மோடம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். திருப்பதி மலை முழுக்க மேகத்துக்குள். பி.பி. மாத்திரை போட்டாயிற்று. புளி கொட்டை எடுத்தேன், பாதி.

பிளம்பர் வந்து பாத்ரூம் சுவரில் ஸ்டீல் கைப்பிடி ஒன்று அடித்துவிட்டுப் போனான். யார் கேட்டது? அம்மிக்கல்லை இன்னும் நான் தனியாகத்தான் நகர்த்துகிறேன். மருமகள் மெர்சியைக் கேட்டேன்.

"சும்மா இருக்கட்டும் அத்தம்மா. சேஃப்டிக்கோசரம்."

இந்த வீட்டில் சும்மா யாரும் ஆணிகூட அடித்ததில்லை.

சாயங்காலம் பேத்தி ஷீபா போனைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலேஜில் பிராஜெக்டாம். அறுபத்தேழு, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பதில் என்ன விலை, என்ன பொழுதுபோக்கு, என்ன நியூஸ் என்று வயசானவர்களைக் கேட்க வேண்டுமாம்.

"ஆயா, அப்ப ஒரு கிலோ அரிசி எவ்ளோ?"

"எதுக்குக் கேக்கறே?"

"பிராஜெக்ட்டு ஆயா."

"போன வருசம் குப்பை பிளாஸ்டிக்கு பிராஜெக்ட்டு. இந்த வருசம் நானா?"

மெர்சியின் அம்மாவை டாக்டர் இப்படித்தான் கேட்டார். இன்று என்ன கிழமை, கல்யாணம் ஆன வருஷம் எது என்று. அந்த அம்மாள் இரண்டு தப்பு சொன்னாள். மூன்றாம் மாதம் ஹோமில் விட்டார்கள். அதனால் யோசித்து யோசித்துச் சொன்னேன். மறுபடி கேட்டால் மாறக் கூடாது என்று இங்கே எழுதி வைக்கிறேன்:

அரிசி கிலோ ஒரு ரூபாய் சொச்சம். ரேஷனில் குறைச்சல், கல் கூடுதல்.
சர்க்கரை ரேஷன். கல்யாணத்துக்கு அலைந்து பெர்மிட் வாங்க வேண்டும்.
அமெரிக்கா கோதுமை. சிவப்புச் சோளம். அதை மாடுகூட யோசித்துத்தான் தின்றது.
மிஷன் பால் பவுடர் சும்மா. ஆனால் வேத வசனம் ஒப்பிக்க வேண்டும். நான்தான் எப்போதும் முதல்.
எல்லைக்கு அந்தப் பக்கம் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று பேச்சு. எங்களுக்கு இல்லை, நாங்கள் ஆந்திரா.
ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ். மாமனார் நியூஸுக்கு மட்டும் வைப்பார். பிறகு பூட்டு.

சினிமா டிக்கெட் எவ்வளவு என்றாள்.

"தெரியாது. நாங்க சபைக்காரங்க. சினிமாவுக்குப் போவக்கூடாது."

பொய். தரை இருபத்தைந்து பைசா, பெஞ்சு நாற்பது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மேகம் கலைந்து வெயில். துணி காய்ந்தது.

மெர்சி மாடிப்படியில் நின்று போனில் தெலுங்கில் குசுகுசு. காதில் விழுந்தது: "மஞ்சம் ஒகட்டி சாலு. கிந்தி ரூம்லோனே." கட்டில் ஒன்று போதும், கீழ் ரூமிலேயே. கீழ் ரூம் என்றால் என் ரூம். அதில் என் கட்டில் இருக்கிறதே.

கைப்பிடி. கேள்வி. கட்டில். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எதுவும் நல்லதாகத் தெரியவில்லை.

டைரியை மெத்தைக்கு அடியில் வைக்கிறேன். ஷீபா எடுத்தாலும் பயமில்லை. தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்க வராது. தெலுங்கு மீடியம். நான் அஞ்சாவதுதான். ஆனால் என் கையெழுத்தைப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

கட்டில் வந்து இறங்கியது. மகன் டேவிட்டை நேராகவே கேட்டேன். முதலில் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான்.

"கிரேஸ் அத்தைய இங்க கூட்டிக்கினு வர்லாம்னுமா. இடுப்புல பிளேட்டு வச்சிருக்காங்க. சித்தூர்ல தனியா எப்டி இருக்கும்?"

கிரேஸ் என் வீட்டுக்காரருடைய தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை இல்லை.

"என் ரூம்லயா?"

"நீ சரின்னாதான். வேணாம்னா அங்கயே ஒரு ஹோமு பாத்து வச்சிருக்கு. ஒண்ணாந்தேதிக்குள்ள சொல்லணும், பெட்டுக்கு ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

ஆக ஹோம் எனக்கு இல்லை. கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் வந்த கோபத்தில் மோரில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

அவளோடு ஒரே அறையில். முடியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். ஃபேன் மூன்றில் ஒன்று ஓடவில்லை. எனக்குக் கவனம் வேறு.

யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன். அறுபத்தெட்டாம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் வீடு, ஊர்க்கோடியில் சினிமாக் கொட்டாய். மாமனார் சபை மூப்பர். அவர் மாடு பார்க்கக் குடுபல்லி போகிறேன் என்று கிளம்பிய சனிக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரியோடு முதல் ஆட்டம் போனேன். பெஞ்சு டிக்கெட். திரும்பி வந்ததும் கிரேஸ் என் பின்னால் வந்து நின்று, "அண்ணி, தலையெல்லாம் பீடி நாத்தம்" என்றாள். சிரித்தாள்.

மறுநாள் பந்தி ஞாயிறு. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லோரும் எழுந்தபோது போதகர் என்னைப் பார்த்து, "நீ உட்காரம்மா" என்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூன்று மாதம் பந்தி நிறுத்தம். சினிமாவுக்குப் போன பாவம். மாமனார் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டேன், தின்றார்.

யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரி நம் சபையே இல்லை. பீடி நாற்றம் தெரிந்தவள் ஒருத்திதான்.

நிறுத்தம் முடிந்து நான் திரும்பப் பந்திக்குப் போன நாள்தான் கவனித்தேன், கிரேஸ் வருவதில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவாள். எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம் அல்லவா. என் வாய் பட்ட பாத்திரம் அவளுக்கு ஆகாது. மூப்பர் மகள். சரி, நானும் அன்றிலிருந்து அவள் கையால் ஒரு வாய் காபி குடித்ததில்லை. அவள் கல்யாணத்தில்கூடச் சோடா வாங்கித்தான் குடித்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சவிதி. தெருமுனையில் பந்தல், காலை ஐந்து மணிக்கே மைக் செட். தலைவலி.

லீவு என்று ஷீபாவும் டேவிட்டும் சித்தூர் போய்க் கிரேஸைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிராஜெக்டுக்கு அவளையும் கேட்டு, போனில் ரெக்கார்டு பண்ணி வந்திருக்கிறாள். அதே கேள்விகள். போலீஸில் இப்படித்தான், இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்பார்ப்பார்கள். எனக்குத் தெரியும்.

"அவ என்ன சொன்னா? போடு, கேக்கறேன்."

கிரேஸ் குரல் கிழவிக் குரலாகிவிட்டது. அரிசி விலை என்னுடையதோடு ஒத்துப்போனது. ரேடியோவில் நிலாவுக்கு மனுசன் போன நியூஸ் கேட்டு மாமனார் "பாபேல் கோபுரம், வானத்த எட்டப் பாக்கறான்" என்று முணுமுணுத்தது, அதுவும் சரி. நான் சொல்ல மறந்தது. (நிலா நியூஸ் கேட்டுப் பால்காரன் அன்று, "அங்க எறங்கறாங்க, நம்ம தெருவுக்குத் தண்ணி எறங்கலே" என்றான்.)

பிறகு சினிமா.

"பெஞ்சு நாப்பது பைசா கண்ணு. ஒரே ஒரு தபா போனேன். அதுவும் முழுசாப் பாக்கலே. கோர்ட்டு சீனு. ஜட்ஜி தீர்ப்பு சொல்ல வாயத் தொறந்தாரு, மிஷினு பொகைஞ்சி படம் நின்னுபோச்சி. எல்லாரும் எழுந்து போங்கன்னுட்டாங்க. தீர்ப்பு என்னான்னு இன்னி வரைக்கும் தெரியாது."

மறுபடி போடச் சொன்னேன். மறுபடி.

ஜட்ஜ் வாயைத் திறந்ததும் படம் நின்றதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கட்டினவருக்குக்கூட. அது அந்த ஒரு ஆட்டத்தில்தான் நடந்தது.

அவள் அங்கே இருந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தூக்கம் சரியில்லை. பால் பொங்கி வழிந்தது, மெர்சி ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் சந்தேகம்தான்.

அவளும் போயிருக்கிறாள். போய்விட்டுத் தான் தப்பிக்க என்னை மாட்டிவிட்டிருக்கிறாள். திருடன்தான் முதலில் திருடன் திருடன் என்று கத்துவான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டேவிட்டிடம் முடியாது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் மாட்டிவிட்டவள் பேத்தியிடம் இவ்வளவு சாவகாசமாக ஏன் சொல்லவேண்டும்? அதுவும் எனக்குப் போட்டுக் காட்டுவாள் என்று தெரிந்து?

நேரே போய்க் கேட்பது.

ஆகஸ்ட் 30, சனி

யாருக்கும் சொல்லாமல் சித்தூர் பஸ் ஏறினேன். பெண்களுக்கு இப்போது சீரோ டிக்கெட். கண்டக்டர் ஆதார் போட்டோவையும் என்னையும் இரண்டு தரம் பார்த்தான். "நாந்தான்பா. வயசானா இப்டித்தான்" என்றேன். அன்றைக்குச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஒன்றரை ரூபாயோ என்னவோ. அதைக் கொடுக்க யோசித்தோம். இன்று சும்மா. சும்மாவில் என்ன இருக்கிறதோ.

கிரேஸ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். பாதி ஆளாகிவிட்டாள். காபி போட்டு முன்னால் வைத்தாள். நான் தொடவில்லை.

"நீ அன்னிக்கி கொட்டாய்க்கு வந்தியா, இல்லியா?"

"வந்தேன் அண்ணி. உங்களுக்கு நாலு பெஞ்சு பின்னால."

"வந்துட்டு என்னைப் போட்டுக் குடுத்தியா?"

"நா எங்க குடுத்தேன்? நைனா குடுபல்லி போவவே இல்லே. சைக்கிளப் புடிச்சிக்கினு கொட்டாய் வாசலாண்ட இருட்டுல நின்னுக்கினு இருந்தாரு, நம்ம சபையாளுங்க யாரு வராங்கன்னு பாக்க. படம் நின்னு எழுந்தப்ப கீத்துச் சந்துல நா பாத்துட்டேன். நீங்க பாக்கலே. நேரா வாசலுக்குப் போனீங்க."

"நீ?"

"நா குனிஞ்சி, கீத்துக்கு அடியில பூந்து ஓடிட்டேன்."

"என்னை ஒரு குரல் கூப்ட்டிருக்கலாமே!"

"கூப்ட்டா நைனா திரும்பிப் பாத்திருப்பாரு அண்ணி."

குக்கர் விசில் பக்கத்து வீட்டில்.

பிறகு அவளே சொன்னாள். "மறுநா உங்கள உக்கார வச்சாங்க. நா போயி முழங்கால் போட்டு வாங்கினேன். தொண்டையில எறங்கலே. அதுதான் கடைசி. அப்பறம் நா போவலே."

"என் எச்சிலுக்குத்தான் நீ வர்லேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"அய்ய அண்ணி! அந்த வருசம் முச்சூடும் நீங்க கடிச்சிட்டு வச்ச மாங்காயத்தானே எடுத்துத் துன்னேன்!"

எனக்கு மூன்று மாதம். இவளுக்கு ஐம்பத்தேழு வருஷம். யார் போட்ட தண்டனை?

அவள் தலையிலும் அன்று பீடி நாற்றம் இருந்திருக்கும். நான் முகர்ந்து பார்க்கவில்லை.

காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. குடித்தேன். சர்க்கரை இல்லை, அவளுக்குச் சுகர்.

டேவிட்டுக்கு அங்கிருந்தே போன். சரி என்றேன். ஜன்னல் பக்கம் எனக்கு என்றும் சொன்னேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கிரேஸ் வந்துவிட்டாள். மூன்று பை, ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டிக்கு இவ்வளவு பெரிய பூட்டு எதற்கு? குறட்டை உண்டு. ஃபேனை நான்கில் வைக்கிறாள், நான் இரண்டில் வைக்கிறேன். பாத்ரூம் கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது, நானும் பிடித்துப் பார்த்தேன்.

ஷீபா அந்தப் படத்தைப் போனில் தேடித் தருகிறேன் என்றாள். பெயர் கேட்டாள். நான் ஒன்று சொன்னேன், கிரேஸ் ஒன்று சொன்னாள். இரண்டிலும் கோர்ட்டே இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மதியம் தூறல். மொட்டை மாடியில் மிளகாய் நனைந்தது.

கிரேஸைக் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம பந்தி. வரியா?"

"எப்டிப் போவேன் அண்ணி?"

"உன்னை யாரு நிறுத்தினது? போதகரா?"

"இல்லே."

"சபையா?"

"இல்லே."

"அப்ப யாரு வந்து எடுக்கணும் உன் நிறுத்தத்த?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கதான் அண்ணி."

தூங்குகிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். என்னை இதைக் கேட்கவைக்கத்தான் அந்தப் போனில் சினிமாக் கதை சொன்னாளோ? இருக்கும். பொல்லாதவள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

விடியலில் மழை, பிறகு விட்டது. கிரேஸுக்கு என் வெள்ளைப் புடவை. உயரம் போதவில்லை.

கோயிலில் முதல் பெஞ்சு. கொரோனாவுக்குப் பிறகு சின்னச் சின்னக் கிண்ணத்தில் தனித்தனியாகவும் கொடுக்கிறார்கள், வேண்டியவர்களுக்குப் பொதுப் பாத்திரம். எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. வாக்கரை அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன். "எழுந்துரு. முட்டி வலிக்குது எனக்கு, நின்னுக்கினு இருக்க முடியாது" என்றேன். எழுந்தாள்.

பொதுப் பாத்திரம் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் நான் குடித்தேன். போதகர் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார். சின்ன வயசுக்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"துடைக்க வேணாம் ஐயா. அப்டியே குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொடுத்தார்.

எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தில். நான் மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பாத்திரத்தைத் திருப்பவில்லை. என் வாய் பட்ட அதே பக்கம் குடித்தாள்.

முந்தானையால்கூட விளிம்பைத் துடைக்கவில்லை.