டோக்கியோ ஆட்டமும் யோகோஹாமாக் கட்டும்

மாமு,

உன் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியதும், கப்பலிலிருந்து நீ இப்போதுதான் இறங்கி வந்தாற்போல் இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

உன் மகள் எர்ணாவூரில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோகிறாள். அங்கே பெட்டி வைக்க இடமில்லை. ஒரு கல்லூரி நூலகம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது, ஆனால் பிரித்து அடுக்கித் தரவேண்டுமாம். ராயபுரத்தில் அதற்கு என்னை விட்டால் ஆள் யார்? எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். ரயில் இன்ஜினையே ஒற்றை விரலால் தூக்கி, தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி கரையில் வைத்தவன்.

பெட்டி நிறைய நீ சேர்த்தவை. அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் வெளிநாடுகளுக்கு வந்து ஆடிய ஃபுட்பால் ஆட்டங்களின் மலர்ப் புத்தகங்கள், டிக்கெட்டுகள், முக்கோணக் கொடிகள். கப்பல் சமையல்காரனாய்ப் போன ஊர்களிலெல்லாம் தேடித் தேடிப் பார்த்தாய். முதல் கொடியை நீ விரித்துக் காட்டிய அன்று தெருவே சிரித்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான், காலுக்கு வேலையே இல்லை, இதற்கு ஃபுட்பால் என்று பேரா என்றார்கள். காசிமேட்டு மணலில் வெறுங்காலில் பந்தடித்து வளர்ந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

நான்தான் உன் பக்கம் நின்றேன். அந்த ஆட்டத்தின் சட்டத்தையெல்லாம் ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்து, கிரேக்கக் கப்பல் கேப்டன் ஒருவனுக்கே பாடம் நடத்தியதாகச் சொன்னேன். நீ முகம் மாறாமல், "அந்தக் கேப்டன் இன்னும் இவனை விசாரிச்சுகினுதான் கீறாம்பா" என்றாய். நான் ஒரு முழம் கதை விட்டால் நீ இன்னொரு முழம் சேர்ப்பாய். இப்போதும் விடுகிறேன். பக்கத்தில் சாட்சி சொல்லத்தான் ஆளில்லை.

அடுக்கும்போதுதான் பேஜார் வந்தது. ஜப்பானில் வருஷா வருஷம் நடந்த அந்த ஒரே போட்டிக்குப் பேர் பல. பணம் போடுகிற கம்பெனி மாறினால் பேரும் மாறிவிடும். கடைசியாக வைத்த பேரில் எல்லாவற்றையும் சேர்த்து, பழைய பேர்களை அதன் கீழே எழுதலாம் என்றாள் உன் மகள். படித்தவள், சரியாகத்தான் சொன்னாள். ஆனால் நீ கட்டி வைத்த கட்டுகளின் மேல் போட்டியின் பேரே இல்லையே. யோகோஹாமா, டில்பரி என்று துறைமுகங்களின் பேரல்லவா இருக்கிறது. ஆட்டம் நடந்தது டோக்கியோவில். உன் கப்பல் நின்றது யோகோஹாமாவில். கேட்டால், "கப்பல் எங்க நிக்குதோ அதாம்பா ஊரு. மீதியெல்லாம் பஸ் ஏறிப் போற எடம்" என்பாய்.

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள்: "மாமா, யோகோஹாமான்னு போட்டா மேட்ச்சைத் தேடுறவனுக்குக் கெடைக்காது."

"உங்க நைனாவைத் தேடுறவனுக்குக் கெடைக்கும்மா."

அவள் கட்டின் சணலை அவிழ்த்தாள், முடிந்தாள், மறுபடி அவிழ்த்தாள். பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் அட்டை எடுத்து, கடைசிப் பேர், பழைய பேர், நடந்த ஊர் என்று எழுதி, எல்லாவற்றுக்கும் கீழே தானாகவே ஒரு வரி சேர்த்தாள்: கப்பல் நின்ற இடம்.

நீ கண்ணை மூடின பிறகு நடந்த ஆட்டம் ஒன்றையும் சேர்க்கலாம் என்று கைபேசியில் காட்டினாள். அதற்கும் புதுப் பேர். நடந்தது ஐரோப்பாவில், கடலே இல்லாத ஒரு ஊரில். மற்றதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் பேனாவை நிறுத்தினாள். நீ இருந்து பார்க்கப் போயிருந்தால் கப்பல் எங்கே நின்றிருக்கும் என்று என்னைக் கேட்டாள்.

நாற்பது நாடு சுற்றியவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ரோட்டர்டாம் என்று அடித்துவிட்டிருக்கலாம். ஹாம்பர்க் என்றாலும் நம்பியிருப்பாள். எதற்கும் வாய் மூடி இருந்தவன் இல்லை நான். ஆனால் அந்த வரியில் என் புளுகுச் சரக்கைக் கலக்க மனம் வரவில்லை மாமு.

"அந்த எடத்த அப்டியே வுடு கண்ணு. நைனாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"சரி மாமா" என்று அட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பெட்டி நூலகத்துக்குப் போய்விட்டது. அந்த ஓர் அட்டை மட்டும் என் சட்டைப்பையில் இருக்கிறது, கடைசி வரி காலியாக.