இரண்டு அடுப்புச் சோறு

1969 ஆவணி, வெள்ளி இரவு.

ஜிம்மிக்குச் சர்டிபிகேட் கிடைக்கவில்லை. மகனும் மருமகள் வள்ளியும் பினாங்குக்குக் கப்பலேறும்போது நாயையும் கொண்டுபோக மாட்டு டாக்டர் கையெழுத்து வேண்டுமாம்.

கல்யாணமானதுமே அவர்களை வேறு வைத்தாயிற்று. ஒரே வீடு, இரண்டு அடுப்பு. வெறும் வயிற்றோடு போகவேண்டாமே என்று காலையில் ஜிம்மிக்குத் தயிர்ச்சோறு வைத்தேன். எனக்குத் தெரியாமல் வள்ளியும் வைத்திருக்கிறாள். டாக்டர் மேசையிலேயே அத்தனையையும் கக்கிவிட்டது.

"சீக்கு நாய்க்குக் கையெழுத்துப் போடமுடியாது. திங்கக்கிழமை கொண்டாங்க" என்றார்.

சீக்கா அது?

"நீங்க எதுக்கு ஆத்தா வச்சீக?" என்று மகன் எரிந்து விழுந்தான். இனி வள்ளி மட்டும்தான் வைப்பாளாம். சரி என்றேன். வாதாடத் தெம்பில்லை.

ஜிம்மி என் அடுப்படிக் கதவைப் பிராண்டுகிறது. பழக்கதோஷம், அதற்கும் சேர்த்தே உலை வைத்திருக்கிறேன்.