பிரஷ் கழுவிய தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் வெள்ளையடிப்பு. சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் நான் இழுத்த கோட்டைப் பார்த்துவிட்டு இவர் கீழே நின்றே கத்தினார். “என்னடி இது, பாம்பு போன தடம் மாதிரி? அழி!” மயிரிழைதான் விலகியிருந்தது. அழித்தேன். பொல்லாத கண் என் வீட்டுக்காரருக்கு. மேஸ்திரி சும்மாவா மட்டம் பார்க்கிற கருவியின் பெயரை வைத்து ‘ரசமட்டம்’ என்று கூப்பிடுகிறார்! பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டுங்கள் என்றால் மட்டும், “அதைப் போட்டா கோடு தெரியாதுடி” என்பார்.

மார்ச் 6, வியாழன்

இவர் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். பெரிய கட்டி ஒன்று கைதவறி வாளிக்குள் விழுந்து, கொதிக்கிற சுண்ணாம்புப் பால் அப்படியே முகத்தில் தெறித்தது. இரண்டு கண்ணிலும். “எரியுதே, தண்ணி, தண்ணி!” என்று துழாவி, பக்கத்திலிருந்த வாளியில் முகத்தை முக்கினார். முக்கி முக்கிக் கழுவினார். மேஸ்திரி ஈரத்துணியால் கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றினார்.

நர்ஸ் முதலில் கேட்டது, “கழுவுனீங்களா?”

“உடனே கழுவிட்டாருங்க.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“எந்தத் தண்ணியில?”

“பிரஷ் கழுவுற வாளியில...”

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். இமையைத் திருப்பி, ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துளித்துளியாக எடுத்துவிட்டு, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் விட்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

பிரஷ் கழுவின தண்ணி! அதுவும் சுண்ணாம்புதானே. அய்யோ, எம் புத்தி எங்க போச்சு? கீழே முற்றத்தில் குழாய் இருந்தது. நல்ல தண்ணீர். அதைத் தாண்டித்தான் வண்டிக்கு ஓடினோம்.

மார்ச் 10, திங்கள்

மருந்து விட இமையைத் திறந்தார்கள். எட்டிப் பார்த்தேன். சிவப்பே இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. “டாக்டர், வெள்ளை வெளேர்னு நல்லா இருக்குதுங்களே!”

“சிவந்திருந்தா தேவலைம்மா. இதுல ரத்த ஓட்டமே இல்ல” என்றார். இவர் காதிலும் விழுந்தது.

மார்ச் 19, புதன்

“லைட்டைப் போடேன்” என்றார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

கருவிழி மாற்றுகிற ஆபரேஷனுக்கு இப்போதைக்குப் பேச்சே இல்லையாம். பிறகு செய்தாலும் ஒட்டுமா என்பது சந்தேகமாம். வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று மேஸ்திரி வந்து சொன்னார். “ஏன், அவர் என்ன கடையில புதுக் கண்ணு வச்சிருக்காரா?” என்று இவர் சிரித்தார். மேஸ்திரியும் சிரிக்கப் பார்த்தார்.

ஜூன் 9, திங்கள்

மறுபடி வேலைக்குப் போனேன். இவரும் வந்தார். “வீட்டுல சுவரைப் பாத்துக்கிட்டு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூடி போட்ட குடத்தில் நல்ல தண்ணீரை ஏணிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் கிட்டே பிரஷைக் கொண்டுபோக யாரையும் விடுவதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறிக் கூரையோரம் கோடு இழுத்தேன். பாதியில் கை வழுக்கி, இரண்டு விரல் அகலத்துக்குக் கோணிப் போய்விட்டது. மேஸ்திரி பார்த்துவிட்டு, குனிந்து வாளியைக் கலக்கினார்.

இவர் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்துங்களேன், ஒரு தடவை கத்தித் தொலைங்களேன்.

“நேரா வந்திருக்குடி. அப்படியே போ” என்றார்.

நானே அழித்தேன்.