போலே சொல்லக் கற்றுக்கொடுத்த வாரம்

ஜூன் 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்த மழை வராமல் போயிற்று. கிள்ளான் முதியோர் விடுதிக்கு டிரஸ்ஸராக, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனாக, வந்து ஏழு மாதம். ஆபீஸ் ரெஜிஸ்டரில் ஜப்பான்காரன் கணக்குப்படி வருஷம் 2603 என்று எழுத வேண்டும். இது என் நோட்டு, 1943.

ஆண்கள் பக்கம் பத்தொன்பது பேர், பெண்கள் பக்கம் பதினொன்று. தோட்டத்திலும் ரயில் பாதையிலும் தேய்ந்து வந்தவர்கள். கேட்பாரில்லை.

இன்று பார்த்தவை:
— குளிக்கும் இடத்தில் பலகை உளுத்து ஓட்டை. போன வாரம் ஒருவர் கால் விட்டு முழங்கால் கிழிந்தது. இன்னும் அடைக்கவில்லை.
— கக்கூஸ் வாளி கிணற்றிலிருந்து பத்தடிகூட இல்லை. குடிக்கிற தண்ணீர் அதே கிணறு.
— தங்கம்மா முதுகுப் புண்ணில் புழு. ஐந்து எடுத்தேன். மருந்து என்று இருப்பது உப்புத் தண்ணீர்.
— மூட்டைப்பூச்சி. சொல்லி மாளாது.

அரிசி மூட்டை வந்தது. வார்டில் ஊற்றியது மரவள்ளிக் கஞ்சி. சோறு வெந்த வாசனை கிராணி வீட்டுப் பக்கமிருந்து வந்தது. கிராணிதான் இங்கே எல்லாம், கணக்குப்பிள்ளையும் அவர், மேனேஜரும் அவர். அந்த வாசனைக்கு என் வாயில் எச்சில் ஊறியது. த்தூ.

ஜூன் 15, செவ்வாய்

வியாழக்கிழமை ஜப்பான் அதிகாரி பார்வையிட வருகிறான். கிராணிக்கு நிலைகொள்ளவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு. டோபி கடையிலிருந்து வெள்ளை விரிப்பு முப்பது, ஒரு நாள் இரவல்.

பலகை ஓட்டையைக் காட்டினேன்.

"மேல பாய போட்டு மூடுய்யா."

"மூடினா ஓட்டை தெரியாதே. யாராவது மிதிச்சிடுவாங்க."

"அன்னிக்கி யாரையும் குளிக்க விடாத லா. இதுக்கு ஒரு யோசனையா."

இந்த மனுஷன் நெற்றி நிறைய விபூதியோடுதான் ஆபீசுக்கு வருகிறார்.

இன்னொரு உத்தரவும் எனக்கு. அதிகாரி எது கேட்டாலும் கிழங்கள் முறையிடக் கூடாது. ஒரே பதில், 'போலே'. மலாயில் 'முடியும்', 'ஆகட்டும்', எல்லாவற்றுக்கும் அதுதான். பிசகாமல் சொன்னால் அன்றைக்கு வார்டுக்கு அரிசிச் சோறு. சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வீட்டுக் கடிதம். மகள் சின்னவளுக்குச் சிரங்கு. சவுக்காரம் கிடைக்கவில்லையாம்.

ஜூன் 16, புதன்

வெயில். காலை முழுக்கப் பாடம். கட்டில் கட்டிலாகப் போய், "மக்கான் நல்லா இருக்கா?" "போலே." "சக்கிட் இருக்கா?" "போலே." சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டாலும், வலி இருக்கிறதா என்று கேட்டாலும் போலே. சிரித்தார்கள்.

கருப்பண்ணன்தான் அதிகம் சிரித்தார். ரயில் பாதையில் கட்டை மாற்றிய ஆள், எழுபது இருக்கும். ஒரு கண் பூ விழுந்தது, இடது கணுக்காலில் ஆறாத புண். தினமும் கட்டுப் போடுவது நான்தான். வாழையிலைதான் கட்டு.

"டிரஸ்ஸரு, எதுக்கும் இல்லைன்னு சொல்ல ஒரு வார்த்தை வேணாமா?"

"சோறு வேணுமா வேணாமா?"

"அப்ப போலே."

கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, வியாழன்

வந்தார்கள். அதிகாரி, ஒரு சோல்ஜர், மொழிபெயர்க்க ஒரு துபாஷி, தமிழன்தான். அதிகாரி மூக்கில் கைக்குட்டை. எட்டிப் பார்த்தான், வெள்ளையாக இருந்தது, தலையாட்டினான். கிணறு பார்க்கவில்லை. பாயைத் தாண்டிப் போனான். எவன் மிதித்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சொந்தக் காலில் நின்றிருந்த நான்கு கிழவர்களிடம் மட்டும் கேட்டான். துபாஷி மலாயில் கடகடவென்று சொன்னான்.

"போலே ஜாலான்?" நடக்க முடியுமா.

"போலே."

"போலே கெர்ஜா?" வேலை செய்ய முடியுமா.

"போலே."

நால்வரும் பிசகாமல் சொன்னார்கள். கருப்பண்ணன் சல்யூட் வேறு. துபாஷி பெயர்களை எழுதிக்கொண்டான். ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை.

மதியம் சோறு போட்டார்கள், ஆளுக்கு ஒரு கரண்டி. சாயங்காலத்துக்குள் விரிப்புகள் டோபி கடைக்குத் திரும்ப வேண்டும். தங்கம்மாவின் புண்ணோடு துணி ஒட்டியிருந்தது. நனைத்து எடுக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கிராணி பொறுக்கவில்லை, உரித்தார். அவள் கத்தியது ரோடு வரை கேட்டிருக்கும். சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

ஜூன் 19, சனி

காகிதம் வந்தது. விடுதி திருப்தி. நடக்கவும் வேலை செய்யவும் முடிந்த நான்கு பேர் திங்கட்கிழமை லோரியில் சயாமுக்கு, ரயில் பாதை வேலைக்கு. அங்கே போன வாலிபர்களே திரும்புவதில்லை என்று பாசாரில் பேசிக்கொள்கிறார்கள்.

கிராணியிடம் ஓடினேன்.

"முடியாத ஆளுங்கன்னு எழுதிக் கொடுங்க."

"அவங்க வாயாலயே முடியும்னாங்க. சீல் விழுந்தாச்சு."

"சொல்லச் சொன்னது நீங்க."

"சொல்லிக்கொடுத்தது நீ."



ஜூன் 20, ஞாயிறு

தூறல். மறுபடி பாடம். இந்த முறை 'தா போலே', முடியாது. நால்வரையும் உட்காரவைத்து நூறு தரம் சொல்லவைத்தேன். எழுந்து நிற்காதீர்கள், கட்டைப் பிரித்துப் புண்ணைக் காட்டுங்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கருப்பண்ணன் மட்டும், "இத புதன்கிழமையே சொல்லிக்குடுத்திருந்தா ஒரு பாடம் மிச்சம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஜூன் 21, திங்கள்

லோரி எட்டு மணிக்கு. அதே துபாஷி, அதே சோல்ஜர்.

மூன்று பேர் உட்கார்ந்தபடியே 'தா போலே' சொன்னார்கள். புண்ணைக் காட்டினார்கள். சோல்ஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போனான். வேலை ஆகிறது என்று நினைத்தேன்.

துபாஷி தமிழில் சொன்னான், "நாலு பேரு கேட்டாங்க. ஒருத்தன்கூட இல்லாம லோரி திரும்பாது. டிரஸ்ஸர், உனக்கு காலு நல்லாத்தானே இருக்கு? நீ ஏறு."

கிராணி பின்னால் நகர்ந்துகொண்டார். எனக்குச் சின்னவள் முகம்தான் வந்தது.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு கருப்பண்ணன் எழுந்து நின்றார்.

"போலே," என்றார். "போலே ஜாலான். போலே கெர்ஜா."

துபாஷி என்னைப் பார்த்தான். நான் சொல்லியிருக்கலாம், இந்த ஆளுக்கு ஒரு கண் தெரியாது, கால் அழுகுகிறது என்று. தினமும் கட்டுப் போட்டது நான்தானே. லோரியில் ஏற அவருக்குக் கை கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

"புண்ணுக்கு எலை மாத்தலையே டிரஸ்ஸரு," என்றார் மேலேயிருந்து. லோரி கிளம்பிவிட்டது.

மதியம் வார்டில் ஒரு ஆள் கஞ்சி மிஞ்சியது. நான் குடித்தேன்.