கழுவாத பிலிம்

மேற்குத் தாம்பரம்
12.7.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கல்யாணப் படம் எடுக்கத்தான் இங்கே வந்தேன். பெண் போட்டோகிராபர் என்று தெரிந்ததும் வேறொரு வேலையும் தேடி வந்தது. துபாயில் இருக்கும் கணவனுக்கு அனுப்ப, மனைவிகள் தங்கள் படுக்கையறையில் கூந்தலை அவிழ்த்துவிட்டு, நைட்டியில் எடுத்துக்கொள்ளும் படங்கள். முகம் சுளிக்காதீர்கள். கதவு சாத்தியிருக்கும், பிலிமையும் நானே கழுவுகிறேன்.

நேற்று அஸ்தினாபுரத்தில் காந்திமதி என்பவளை எடுத்து முடித்த நேரம், அவள் கொழுந்தன் கதவை இடித்தான். திறந்ததும், "அண்ணிய இன்னா படம் புடிச்சிகினு கீறே? பிலிம குடு!" என்று கேமராவைப் பிடுங்கினான். சுருளை உருவி, என்ன தெரிகிறது என்று ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தான். நான் தடுக்கவில்லை. கழுவாத பிலிமில் என்ன தெரியும்? அவன் பார்க்கப் பார்க்க அவள் படம் வெயிலில் அழிந்துகொண்டிருந்தது. "ஒண்ணியும் இல்லியே" என்று வீசிவிட்டுப் போனான்.

காந்திமதி அழவில்லை. "அக்கா, இன்னொரு வாட்டி எடுக்கறீங்களா?" என்றாள். நான் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. பிலிம் கழுவும்போது தெருவிளக்கு என் அறைக்குள் அடிக்கிறது. ஜன்னலை மறைக்க உங்கள் கறுப்புக் கம்பளியை யேசுதாசன் மாமாவிடம் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசத்தோடு அப்படியே வரட்டும்.

கீழே ஆட்டோ ஹார்ன் அடிக்கிறது. காந்திமதிதான் அனுப்பியிருக்கிறாள். புது ரோல் போட்டுவிட்டேன்.

உங்கள் பிலோமினா